தீயைக் கெடுக்காதவள்

எண்பத்தி நாலாம் வருஷம், ஐப்பசி மழை பிடித்த வாரத்தில், ராஜாராமின் ஏலத் தோட்டத்துக்கு சூட்டுக் காற்றை ஊதித் தள்ளும் ஒரு புளோயர் மிசின் வந்து இறங்கியது. போடிமெட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளிய தோட்டம் அது. ஜீப்பிலிருந்து அந்த இரும்பை இறக்க எட்டு ஆள் தேவைப்பட்டது. எட்டு ஆளும் எட்டு யோசனை சொன்னார்கள். ஒருவழியாக உள்ளே கொண்டுபோய் வைத்தபோது ஒருத்தன் கட்டைவிரல் நசுங்கியிருந்தது, சுவரில் ஒரு மூலை பெயர்ந்திருந்தது, கத்திக் கத்தி முதலாளிக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அது நின்ற இடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். மளிகைக் கடை என்று நினைத்துவிட வேண்டாம். ஏலத் தோட்டத்தில் காயை உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, அறையைச் சாத்தி, வெளியே அடுப்பெரித்துக் குழாய் வழியாகச் சூட்டை உள்ளே விடுவார்கள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பிடிக்கும். ஆனால் சூட்சுமமெல்லாம் கடைசியில்தான். காய் உலர்ந்ததும் தீ தணிய வேண்டும், காற்று நிற்க வேண்டும், சாத்திய அறைக்குள் காய் மூன்று மணி நேரம் அசையாமல் கிடந்து ஆற வேண்டும். அப்போதுதான் பச்சை நிறம் நிலைக்கும். போடியில் ஏலம் எடுக்க வருகிறவர்கள் காயை முகர்ந்து பார்ப்பதற்கு முன்னால் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். வெளுத்த காய் என்றால் அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அந்த வருஷம் ஸ்டோர் ராக்குவின் பொறுப்பில் இருந்தது. அதுவே மலையில் பெரிய பேச்சு. அதற்கு முன்னால் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் மொக்கச்சாமி. கெட்டிக்கார வேலைக்காரன்தான், ஆனால் ஈர விறகைப் பார்த்தால் அவனுக்கு மூக்குமேல் கோபம் வந்துவிடும். ஊதுவான், திட்டுவான், மறுபடி ஊதுவான், கண் எரிய வெளியே வந்து உட்கார்ந்துகொள்வான். அப்புறம் சரிவில் காய் எடுத்துக்கொண்டிருக்கும் ராக்குவுக்கு ஆள் போகும். அவள் வந்து குனிந்து நாலு சுள்ளியை இப்படியும் அப்படியும் நகர்த்தி, ஒரே குச்சியில் பற்றவைத்துவிட்டுப் போய்விடுவாள். இரண்டு வருஷம் இதைப் பார்த்த ராஜாராம், மொக்கச்சாமி எதற்கோ முறைத்துக்கொண்டு சொந்த ஊர் போனதும், ராக்குவையே ஸ்டோரில் போட்டார்.

"பொம்பளைக்கு எதுக்குங்க ஸ்டோரு?" என்று கேட்டவர்களிடம், "தீ என்ன, ஆம்பளையா பொம்பளையான்னு பாத்தா எரியுது?" என்று சொல்லிவிட்டார்.

ராக்குவுக்கு அந்த வேலை வெறும் வேலையில்லை. முந்தின வருஷ மழையில் காய் எடுக்கப் போய், அட்டை கடித்த இடமெல்லாம் சீழ் வைத்து, இரண்டு கணுக்காலும் புண்ணாகி, தைமாதம் முழுக்கத் தொழிலாளர் லயத்தில் படுத்துக் கிடந்தவள் அவள். இன்னொரு மழைக்கு அந்தச் சரிவில் இறங்கினால் கால் தாங்காது என்று போடி டாக்டர் சொல்லியிருந்தார். கூரைக்குக் கீழே, தீக்குப் பக்கத்தில், உலர்ந்த தரையில் நின்று பார்க்கிற வேலை என்று அந்த மலையில் இருந்தது அது ஒன்றுதான். அது போனால் மறுபடியும் அட்டைக்குத்தான் காலைக் காட்ட வேண்டும்.

புளோயரைப் பொருத்த வந்தவர் குட்டப்பன் என்ற மலையாளி ஃபிட்டர். தொடுபுழாக்காரர். இரண்டு நாள் இருந்து, அடுப்புக்கு மேலே தகட்டுப் பெட்டியை மாட்டி, அதிலிருந்து அறைக்குக் குழாய் விட்டு, பெட்டிக்குள் ஒரு பித்தளைக் கம்பியைச் செருகினார். அந்தக் கம்பிக்குத்தான் சூடு தெரியும். பெட்டி சூடானால் அது காற்றாடியை ஓட்டும். வேலையாட்கள் அதற்கு மூக்கு என்று பெயர் வைத்தார்கள்.

கிளம்புகிற அன்று குட்டப்பன் சொல்ல வேண்டியதையெல்லாம் ராக்குவிடம்தான் சொன்னார். ராஜாராம் அப்போது சேற்றில் புதைந்த ஜீப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஃபிட்டர் பேசியது முக்கால்வாசி மலையாளம். ராக்கு குரங்கணிக்காரி. மெட்டுக்கு மேலே வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, அதிலும் பழக்கமெல்லாம் தமிழ் ஆட்களோடுதான். அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சூடுள்ளப்போ மெயின் ஓஃப் செய்யருது, கேட்டோ. தகடு பொட்டிப் போகும்," என்று சொல்லி, கையால் சுவிட்சை இழுப்பது மாதிரி காட்டி, 'டப்' என்று வாயால் வெடித்தும் காட்டினார் குட்டப்பன். சூடாக இருக்கும்போது மெயினை நிறுத்தினால் தகடு வெடித்துவிடும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் விரலை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "பின்னே, தீ கெடுத்தியால் ஃபேன் தானே நிக்கும். மறக்கருது."

தீயைக் கெடுத்தால் ஃபேன் தானாக நின்றுபோகும். மறந்துவிடாதே. அவ்வளவுதானே? இதைக்கூடவா ராக்குவுக்குச் சொல்ல வேண்டும்? "என் கையில தீ கெடாதுண்ணே," என்று சொல்லி அவரை வழியனுப்பினாள். அன்று சாயங்காலமே கணவன் சோலையிடமும், காய் கழுவுகிற பெண்களிடமும் சொல்லிவைத்தாள்: "மிசினுக்கு நல்ல தீ வேணுமாம். தீயைக் கெடுத்தா நின்னு போகுமாம். யாரும் அடுப்பில கையை வச்சுராதீங்க."

அவள் அதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னாள். சீசன் ஆரம்பத்தில் மூட்டிய தீ அதுவரைக்கும் அவள் கையில் அணைந்ததே இல்லை. ஒரு லோடு காய் உலர்ந்து முடிந்ததும் பெரிய கங்குகளை அடுப்பின் உள்மூலைக்கு ஒதுக்குவாள். சலித்த சாம்பலை மேலே போட்டு மட்டையால் தட்டி மெழுகிவிடுவாள். திறந்து பார்த்தால் வெறும் சாம்பல்மேடுதான் தெரியும். மூன்றாம் நாள் கிளறினாலும் உள்ளே செக்கச்செவேலென்று இருக்கும். ஐப்பசி மழையில் புதிதாகத் தீ மூட்ட அரைநாள் போகும் என்கிறபோது, இந்தக் கங்குதான் அவளுடைய சொத்து.

முதல் லோடு ஏறியது. புளோயர் ஓடியது. என்ன ஓட்டம்! அறைக்குள் காற்று பொங்கிப் பொங்கிப் போனது. மறுநாள் காலை காய் உலர்ந்துவிட்டது. ராக்கு எரிகிற விறகை இழுத்தாள், கங்கை ஒதுக்கினாள், சாம்பலை மூடினாள். இனி புளோயர் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. பத்து மணிக்கும் ஓடியது, பன்னிரண்டு மணிக்கும் ஓடியது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கும் ஓடிக்கொண்டேயிருந்தது. வெதுவெதுத்த காற்று இடைவிடாமல் காயின்மேல் வீசிக்கொண்டே இருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தபோது, தோல் வாய் பிளந்து, நிறம் வெளுத்து, பழைய வைக்கோல் மாதிரி கிடந்தது காய்.

ராஜாராம் வந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. அடுத்த ஜீப்பில் போடியிலிருந்து திருப்பதியைக் கூட்டிவந்தார்.

திருப்பதி போடியில் மோட்டார் காயில் கட்டுகிறவர். இருபது வருஷமாக அந்த ஊரின் மாவு மில், பம்புசெட்டு எல்லாம் அவர் கைபட்டு ஓடுகிறவைதான். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். தகடு வெடிக்காமல் மெயினை இரண்டிரண்டு நிமிஷம் மட்டும் நிறுத்தி, சுவிட்சைப் பிரித்துத் தேய்த்தார். வயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கடைசியில் மூக்கைக் கழற்றி, ராக்குவிடம் இரண்டு டம்ளர் கேட்டார், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். வெந்நீரில் கம்பியை முக்கினால் டிக் என்றது. பச்சைத் தண்ணீரில் முக்கினால் மறுபடி டிக் என்றது.

"மூக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார் திருப்பதி. அதைத் திரும்ப மாட்டியதுமே புளோயர் மறுபடி இரைய ஆரம்பித்துவிட்டது, எல்லாரும் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஏம்மா, அடுப்பில தீ இருக்கா?"

"தீ இல்லேண்ணே, நேத்துக் காலையிலயே தணிச்சாச்சு," என்று கத்தினாள் ராக்கு.

அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை தீ என்றால் எரிவது. கங்கு என்றால் கங்கு. சமையலறையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள். திருப்பதியும் அடுப்புக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சாம்பல்தான் இருந்தது. தகட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டார். "இரும்பு வாங்குன சூடு லேசுல விடாது," என்றார். காத்திருந்து பார்க்க நேரமில்லை. கீழே போகும் கடைசி ஜீப்பு நாலு மணிக்கு. அதை விட்டால் மழையில் பதினேழு வளைவு நடந்து இறங்க வேண்டும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

இரண்டாவது லோடும் அதே கதிதான். திருப்பதி மறுபடி வந்தார், புதுச் சுவிட்சு மாட்டினார், நாலு மணி ஜீப்புக்கு ஓடினார். போவதற்கு முன்னால் ராக்கு கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "எத்தனையோ மோட்டாரைப் பாத்துட்டேன் தங்கச்சி. இது ஒண்ணு என்னைய முட்டாப்பயலாக்கிருச்சு. ஊருக்குள்ள மொகத்தைக் காட்ட முடியல," என்றார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. குட்டப்பனை அவளும் சேர்ந்து மனதுக்குள் வைதாள். ஓட்டை மிசினைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டானே மனுஷன்!

மூன்றாவது லோடு ஏறிய அன்று ராஜாராம் ராக்குவைக் கூப்பிட்டார்.

"இதுதான் கடைசி, ராக்கு. இந்த லோடுக்கும் நிக்கலேன்னா நாளைக்குக் காலையில கழட்டி ஏத்திர வேண்டியதுதான். பழைய மாதிரி குழாயை மாட்டிக்கிருவோம். மொக்கச்சாமிக்குச் சொல்லியனுப்பிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் ஜீப்புல வந்துருவான்."

"அப்ப நானு, மொதலாளி?"

அவர் அவள் காலைப் பார்த்தார். பிறகு மழையைப் பார்த்தார். "ரெண்டு லோடு வெளுத்துப் போச்சேத்தா. நான் என்ன செய்ய?" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் அடுப்புக்கு விறகு நிரப்பிவிட்டு, சோலையைக் காவலுக்கு வைத்துவிட்டு, ராக்கு போடிமெட்டுக்கு நடந்தாள். தொடுபுழாப் பக்கம் போகிற லாரிக்காரர் யாரிடமாவது குட்டப்பனுக்கு ஒரு சீட்டுக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். ஏற்கனவே ஒரு சீட்டுப் போய் பதிலில்லை. இருந்தாலும் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. செக்போஸ்ட்டுக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் ஒதுங்கினாள். மலையாளிப் புருஷனும் பெண்சாதியும் நடத்துகிற கடை. வரவேண்டிய பஸ்சு வந்து போய்விட்டது. கூட்டமில்லை. எல்லாரும் சேச்சி என்று கூப்பிடும் கடைக்காரி பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"அடுப்பு கெடுத்தியோ?"

"கெடுத்தி, கெடுத்தி," என்று உள்ளேயிருந்து புருஷன் சொன்னான்.

ராக்குவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா எரியற அடுப்பை எதுக்குச் சேச்சி கெடுக்கிறீங்க?"

சேச்சி ஒரு நொடி விழித்தாள். அப்புறம் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "அய்யோ, கேடு வரும் கெடுக்கிறது இல்லா பெண்ணே. நீங்க அடுப்பை அணைக்கிறதுன்னு சொல்லும். ஞங்ஙள் கெடுத்துறதுன்னு சொல்லும். ரெண்டும் ஒண்ணுதான்."

"தமிழ்ல அணைக்கிறதுக்கு வேற அர்த்தமும் உண்டு," என்று உள்ளேயிருந்து புருஷன் சொல்ல, சேச்சி கையிலிருந்த ஈரத் துணியை அந்தப் பக்கம் வீசினாள்.

ராக்கு சிரிக்கவில்லை. கையிலிருந்த கிளாஸ் பெஞ்சில் சாய்ந்து டீ ஓடியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. தீ கெடுத்தியால் ஃபேன் தானே நிக்கும். தீயை அணைத்தால் ஃபேன் தானாக நிற்கும். அவ்வளவுதான் அந்த மனுஷன் சொன்னது! எச்சரிக்கையே இல்லை, நிறுத்துகிற வழியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவளோ தீயைக் கெடுத்துவிடக் கூடாதென்று பத்து நாளாகக் கங்கை மூடி மூடிக் காத்திருக்கிறாள். அந்தக் கங்குச் சூடு பெட்டியை ஆறவே விடவில்லை. மூக்கு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. மோட்டார் ஒழுங்காக ஓடியிருக்கிறது. திருப்பதி இரண்டு தடவை மலையேறி, நல்ல சுவிட்சைக் கழற்றி வேறு நல்ல சுவிட்சை மாட்டியிருக்கிறார். கோளாறு மொத்தமும் அவள் கையில்தான் இருந்திருக்கிறது.

திரும்பி நடக்கும்போது முகம் எரிந்தது. மழை முகத்தில் அடித்தும் எரிச்சல் குறையவில்லை. எந்தக் காரியத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்தாளோ அந்தக் காரியத்திலேயே சறுக்கிவிட்டோமே என்ற அவமானம் அது.

சோலையிடம் சொன்னாள். அவன் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தான். தோட்டத்தில் மூட்டை தூக்குகிறவன், பெண்டாட்டி மேல் உயிரை வைத்திருப்பவன்.

"வெளிய சொல்லாத," என்றான். "காலையில லோடு முடிஞ்சதும் கங்கைப் பூராவும் அள்ளி வெளிய கொட்டிரு. மிசினு நின்னுரும். திருப்பதியண்ணே மாட்டுன சுவிட்சு இப்பத்தான் வேலை செய்யுதுன்னு நெனச்சுக்கிருவாக. அவருக்கும் பேரு, ஒனக்கும் வேலை. யாருக்கு என்ன நட்டம்?"

நல்ல யோசனைதான். ராக்குவும் ஒரு நாழிகை அதையே நினைத்துக்கொண்டு அடுப்பின்முன் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அடுத்த லோடுக்கு? அதற்கடுத்த லோடுக்கு? ஒவ்வொரு தடவையும் தீயை அணைத்து ஒவ்வொரு தடவையும் புதிதாக மூட்ட வேண்டும். அதற்கு உலர்ந்த விறகு வேண்டும், விறகு நனையாமல் வைக்க இடம் வேண்டும். முதலாளியிடம் கேட்காமல் அது நடக்காது, கேட்டால் ஏன் என்பார். அதுகூடப் போகட்டும். ஒரு குற்றமும் செய்யாத குட்டப்பனை மலை முழுக்கத் திருடன் என்கிறார்கள். திருப்பதி காப்பி குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றதை அவளால் மறக்க முடியவில்லை.

"சொல்லிருவேன்," என்றாள் சோலையிடம்.

"வேலை போயிரும், புள்ள."

"போனாப் போகுது," என்று சொல்லிவிட்டாள். அடுப்புக்குள் இன்னொரு கட்டையைத் தள்ளினாள்.

விடிகாலையில் காய் உலர்ந்தது. எரிகிற விறகை இழுத்தாள். வழக்கம்போல கங்கை ஒதுக்கிச் சாம்பலை மூடினாள். அதைக் கண்முன்னால் காட்டினால்தான் நம்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஏழு மணிக்கெல்லாம் ஜீப்பு வந்துவிட்டது. ராஜாராம் முன்னால் இறங்கினார். திருப்பதி ஸ்பேனர் பையோடு பின்னால் வந்தார், ஏதோ சாவு வீட்டுக்கு வருகிறவர் மாதிரி.

"மொதலாளி, கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை," என்று புளோயர் இரைச்சலுக்கு மேலே கத்தினாள் ராக்கு. "மிசினு மேல ஒரு தப்பும் இல்லீங்க. திருப்பதியண்ணே மேலயும் இல்ல. தப்பு என் மேலதான்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அடுப்புக் கதவைத் திறந்து, மண்வெட்டியால் சாம்பல்மேட்டை ஓர் இழுப்பு இழுத்தாள். உள்ளே கங்கு செக்கச்செவேலென்று கிடந்தது. சூடு மூன்று பேர் முகத்திலும் அடித்தது.

திருப்பதி வாயைப் பிளந்தார். "நான் பாக்கும்போது சாம்பலாத்தானே இருந்துச்சு?"

"அப்பவும் இப்படித்தாண்ணே இருந்துச்சு, அடியில. தீ இருக்கான்னு கேட்டீக. இது கங்குதானேன்னு இல்லேன்னுட்டேன்." பிறகு குட்டப்பன் சொன்னதையும், அதைத் தான் கேட்டுக்கொண்டதையும், சேச்சி கடையில் தெரிந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். முதலாளி முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மண்வெட்டிக் காம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பத்து நாளாவா?" என்றார் ராஜாராம்.

"பத்து நாளாத்தான்."

திருப்பதி மெல்ல ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ராக்கு பதறினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "ஆத்தாடி ஆத்தா! என் வேலை மேல தப்பில்லைல? மொதலாளி, காதுல வாங்கிக்கிட்டீகல்ல? என் வேலை மேல தப்பே இல்ல!"

ராக்கு கங்கை வெளியே இழுத்தாள். அவள் தன் கையால் தீயை அணைப்பது அதுதான் முதல் தடவை. கங்கு ஈர மண்ணில் விழுந்து, மழை பட்டுச் சீறி, கரிக்கட்டையாகிக் கிடந்தது. அடுப்பைத் துடைத்துவைத்தாற்போல் காலி செய்துவிட்டு, கதவை அகலத் திறந்துவைத்து, ஓரமாக நின்றாள்.

புளோயர் ஓடியது. கால்மணி நேரம் ஆயிற்று. ராஜாராம் கடிகாரத்தைப் பார்த்தார். அரைமணி ஆயிற்று. சேச்சி சொன்னதையும் தப்பாகத்தான் கேட்டோமோ என்று ராக்குவுக்கு ஒரு சந்தேகம் கிளம்பியது. முக்கால் மணி ஆனபோது ராஜாராம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"போதும் ராக்கு. கழட்டிருவோம். திருப்பதி, ஸ்பேனரை எடு."

திருப்பதி எழவில்லை. தகட்டுப் பெட்டியில் கை வைத்தபடி இருந்தார். இந்தத் தடவை கையை உதறவில்லை. "கொஞ்சம் பொறுங்க மொதலாளி. சூடு இறங்கிக்கிட்டேதான் இருக்கு. என் கை சொல்லுது."

டிக்.

புளோயரின் இரைச்சல் ஒரு படி இறங்கியது. இன்னொரு படி இறங்கியது. காற்றாடி தயங்கித் தயங்கிச் சுற்றி நின்றது. கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது. கீழே ஓடையில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. பத்து நாளாக அந்தப் பக்கம் ஓர் ஓடை இருந்ததே எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது.

"நின்னுருச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினார் ராஜாராம்.

"மெதுவாச் சொல்லுங்க மொதலாளி, கேக்குது," என்றார் திருப்பதி.

அறையைச் சாத்தியபடியே விட்டார்கள். மூன்று மணி நேரம் யாரும் கதவுப்பக்கம் போகவில்லை. திருப்பதி இரண்டு டம்ளர் காப்பி குடித்தார். ராஜாராம் தோட்டத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். பதினொரு மணிக்கு ராக்கு கதவைத் திறந்து தட்டை இழுத்தாள். காய் பச்சையாக இருந்தது. செடியில் கிடந்த பச்சை அப்படியே தோலில் நின்றிருந்தது. ஒரு காய்கூட வாய் பிளக்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள், புகை என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ராஜாராம் ஒரு கைப்பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அதை மெதுவாகத் தட்டிலேயே விட்டார்.

"ராக்கு, மொக்கச்சாமி சாயங்காலம் வர்றான்."

அவளுடைய சந்தோஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. "தெரியும் மொதலாளி," என்றாள்.

"இனிமே லோடுக்கு லோடு அணைக்கணும். லோடுக்கு லோடு புதுசா மூட்டணும். அப்படித்தான?"

"ஆமாங்க."

"இந்த மழையில. இந்த ஈர வெறகுல."

"ஆமாங்க."

"மொக்கச்சாமிக்கு அது வருமா?"

ராக்கு நிமிர்ந்தாள். அடக்கமாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். "வராதுங்க மொதலாளி," என்று வந்துவிட்டது. "அவுகளுக்குச் செத்தாலும் வராது."

திருப்பதி காப்பியோடு இருமினார். ராஜாராம் தலையை ஆட்டிக்கொண்டு, நனையாமல் விறகு அடுக்க ஸ்டோருக்குப் பின்னால் எங்கே தகரம் போடலாம் என்று பார்க்கப் போய்விட்டார்.

நாலு மணி ஜீப்பில் திருப்பதி ஏறினார். அதே ஜீப்பிலிருந்து மொக்கச்சாமி படுக்கையும் தகரப்பெட்டியுமாக இறங்கினான். ஸ்டோர் வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, பழைய உரிமையோடு உள்ளே எட்டிப் பார்த்தான். பச்சைக் காய் குவிந்து கிடந்ததைப் பார்த்ததும் அவனுக்குக் குழப்பமாகிவிட்டது.

"கும்பிடுறேன் மொதலாளி. வெரசா வரச் சொன்னீகளாமே? எனக்கு என்ன சோலி?"

ராஜாராம் தகரம் அடிக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே ராக்கு இருந்த பக்கம் கையை நீட்டினார்.

"அவகிட்டக் கேளு."

மொக்கச்சாமி அவளைப் பார்த்தான். ராக்கு அடுப்பின்முன் குந்தி, அடுத்த லோடுக்காகச் சுள்ளியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டையும் உலர்ந்த தரையில் அகல ஊன்றியிருந்தாள். "வாங்கண்ணே. பெட்டியை நனையாம உள்ள வைங்க," என்றாள். "வெறகு பொளக்கணும். விரல் தண்டிக்கு, மெலிசாப் பொளந்து குடுங்க. மூட்டுறதை நான் பாத்துக்கிறேன்."